குரங்கு முடியின் நுனி

காட்டுக் குரங்குகள் என்ன தின்கின்றன, கூட்டத்தில் யார் பெரியவர், யார் சின்னவர் என்று ஆராய்வது என் தங்கையின் வேலை. அவள் குரங்குகளைத் தொடுவதில்லை. அவை பேன் பார்த்துவிட்டு எழுந்து போன இடத்தில் உதிர்ந்த முடியை இடுக்கியால் எடுத்துக் காகித உறையில் போடுவாள். உறையைப் பிடிப்பது நான். பத்திரிகை வேலையை விட்டு ஆரணிக்குத் திரும்பிய எனக்கு வேறு வேலை இல்லை.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு குன்று. அதிலிருந்து இறங்கிய கூட்டம் ஒரு காலையில், தறியில் ஏற்றுவதற்காகத் தெருவில் நீட்டிக் கட்டியிருந்த பட்டு நூல் பாவின்மேல் ஓடியது. கொத்துக் கொத்தாக இழைகள் அறுந்தன. பாவு பக்கத்து வீட்டு முதலாளியுடையது. எதிரே இருக்கும் அவருடைய இன்னொரு வீட்டில், பொங்கல் கழிந்து ஒரு நெசவுக்காரப் பெண் குடிவந்திருந்தார். அவர் மாடியில் கேழ்வரகு உருண்டை வைப்பது தெருவுக்கே தெரியும்.

"நீ போட்டுத்தான் அதுங்க வந்துகினு இருக்குது. பெரிய பேஜாரா போச்சு. காலி பண்ணிடும்மா."

"போடறேன், இல்லன்னு சொல்லலையே முதலாளி. நான் வர்றதுக்கு முன்னாடி அதுங்க என்ன, விரதமா இருந்துச்சு?"

அந்தப் பெண் குடியிருந்த வீட்டுக்குள் பள்ளம் தோண்டித் தறி போட்டிருந்தார். தறியில் பாதிப் புடவை இருந்தது.

முடி ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது, முடிவு வரட்டும் என்றாள் தங்கை. முதலாளி உடனே ஒப்புக்கொண்டார். விஞ்ஞானம் தம் பக்கம் என்று நினைத்தார்.

முடிவு வந்ததும் தங்கை இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னாள். கேழ்வரகு, கரும்பு, வெல்லம் மூன்றும் முடியில் ஒரே மாதிரி ரசாயன அடையாளத்தை விடும். இலை, புளியங்காய், அரிசியின் அடையாளம் வேறு. முடியின் அடி புதியது, நுனி பழையது. அடியில் கேழ்வரகு வகை அடையாளம் இருக்கிறது. தீபாவளி வாக்கில் வளர்ந்த நுனியிலும் அதே அளவு இருக்கிறது.

"தீபாவளிக்கு நான் எங்க ஊரு முள்ளிப்பட்டுல இருந்தேன்," என்றார் அந்தப் பெண்.

கூட்டத்துக்குத் தலைவியான பெரிய பெண்குரங்கின் முடியில்தான் அந்த அடையாளம் அதிகம் என்றும், கடைசி இடத்துக் குரங்குக்கு இலைதான் என்றும் தங்கை சொன்னாள்.

"அப்போ அதுங்கள்லயும் ஒரு முதலாளி உண்டு," என்றார் அந்தப் பெண்.

முதலாளி சிரிக்கவில்லை. "கரும்புத் தோட்டத்துல தின்னுட்டு வருதுங்க போல," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, "தறி இருக்கட்டும்," என்றார்.

அடுத்த சனிக்கிழமை காலையில் நாங்கள் எங்கள் மாடியில் இருந்தோம். பக்கத்து மாடிக்கு முதலாளி வெல்லப் பொங்கல் பாத்திரத்தோடு ஏறி வந்தார். எங்களைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டை அதன்மேல் போட்டார்.

"துணி காயப் போடலாம்னு வந்தேன்."

"சரிங்க," என்றாள் தங்கை.

பெரிய பெண்குரங்கு அவருக்கு முன்பே வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தது. நான் உறையைத் திறந்து பிடித்தேன்.