பாப்பா ஏறிய இத்தாலிக் கார்

சிவகாசி அச்சகம் ஒன்றில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைவது என் உத்தியோகம். மயில், கிளி, ராக்கெட்டில் ஏறிய குரங்கு, எல்லாம் வரைந்தாயிற்று. போன சீசனுக்குச் சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசு முதலாளி ஒருவர், "புதுப் புஸ்வாணம் அண்ணாச்சி. ஒரு பந்தயக் காரு போடுங்க" என்றார். எனக்குள் நெடுநாளாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒருவன் எழுந்து உட்கார்ந்தான்.

இத்தாலியில் அந்தக் காலத்தில் கார்களுக்கு உடம்பு மட்டும் செய்து கொடுக்கும் பட்டறைகள் இருந்தன. எஞ்சினும் அடிச்சட்டமும் ஒரு கம்பெனியிலிருந்து வரும். அதன்மேல் அலுமினியத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி இவர்கள் மேற்கூடு கட்டுவார்கள். இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். அந்தக் கார் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. நான் ஓட்டுவது மொபெட். ஆனாலும் அவர்களுக்கும் எனக்கும் ஒரே தொழில் என்றுதான் நினைப்பு. உள்ளே வெடிமருந்து யாருடையதோ, மேலே சட்டை நம்முடையது.

ஒரு வாரம் வரைந்தேன். நீண்ட மூக்கு. முன்கண்ணாடியில் ஏறி, கூரையாகி, பின்சக்கரத்தின் மேல் வழுக்கி முடிகிற ஒரே கோடு. அந்தக் கோடு மட்டும் பெட்டியில் ஏறிவிட்டால் போதும், இதுவரை வரைந்த குரங்குகளுக்காக என்னை மன்னித்துக்கொள்வேன்.

முதலாளி வந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நல்லாருக்கு. மூஞ்சி எதுக்கு இம்புட்டு நீளம்? பெட்டி சதுரம்லா."

சுருக்கினேன்.

"கலரு என்ன, காச்சக்காரன் கணக்கா?"

வெள்ளிச் சாம்பல் போய் மஞ்சளும் சிவப்பும் வந்தன. பின்னால் தீயும் வந்தது. போகட்டும். கூரை இன்னும் இருந்ததே.

அவர் கைப்பேசியை நீட்டினார். "எம் பேத்தி. இவளத் தூக்கி உள்ள உக்கார வைங்க."

வைத்தேன். பாதி முகம்தான் தெரிந்தது.

"மேக்கூரைய எடுத்திருங்க அண்ணாச்சி."

"மொதலாளி, இந்தக் காருக்கு அழகே கூரைதான். இத்தாலியில..."

"இத்தாலியில யாரு அண்ணாச்சி புஸ்வாணம் வாங்குறா?"

அங்கேயும் பட்டறை வாசலில் பணக்காரர்கள் வந்து நின்று, அதை வெட்டு, இதை ஒட்டு என்றிருப்பார்கள். அந்த ஆசாரிகளாவது சுத்தியலை ஓங்கித் தரையில் போட்டிருக்கலாம். என் கையில் இருந்தது மவுஸ். கோட்டைத் தேர்ந்தெடுத்து அழித்தேன்.

பாப்பா முழுசாக வெளியே வந்தாள். மூன்று வயதிருக்கும். கையில் பாதி தின்ற பிஸ்கட். அழகாகத்தான் இருந்தாள், அவள்மேல் எப்படிக் கோபப்படுவது?

முதலாளி அங்கிருந்தே மகளுக்கு வீடியோ கால் போட்டுத் திரையைக் காட்டினார். அந்தப் பக்கம் கீச்சென்று ஒரு குரல்.

"பாப்பா கேக்குறா அண்ணாச்சி, எறங்குறதுக்குக் கதவு எங்கனன்னு."

கதவே தெரியாதபடி அதன் மேல் புஸ்வாணத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தோம்.

"இந்தா வைக்கிறேன்னு சொல்லுங்க மொதலாளி" என்றேன்.