கோயில் மாலையும் தம்பி மகளும்

செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில், தூரமானால் பழைய கைலியைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்வோம். லயத்துக் குழாயடியில் ஆள் நடமாட்டம் அடங்கியபின் அதை அலசி, கொடியில் பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவோம். மறைத்துப் போட்ட துணி எங்கே காயும்? ஈரத்தோடு எடுத்துக் கட்டித் தொடையெல்லாம் புண்ணாகும். பொம்பளையாகப் பிறந்தால் அப்படித்தான் என்பார் அம்மா. பிறகு பேட் வந்தது. கடைக்காரச் சீனர் அதைப் பேப்பரில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டுத் தருவார். எங்கள் ஆண்கள் சம்சுச் சாராயப் புட்டியைக்கூட இத்தனை மறைத்துக் கொண்டுவந்ததில்லை.

இப்போது ஈப்போவில் என் தம்பி வீட்டுக் குளியலறையைப் பார்க்க வேண்டும். தலைக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று, பாதத்துக்கு ஒன்று, வாயால் சொல்லக்கூடாத இடத்துக்கு ரோஜாப்பூப் படம் போட்ட புட்டி ஒன்று. நான் போனால், செருப்பைக் கழற்றுவதற்குள் தம்பி மனைவி என் கையில் கிருமி கொல்லும் மருந்து பீச்சுவாள். அவ்வளவு சுத்தக்காரி.

அவர்கள் மகள் வயதுக்கு வந்தது பள்ளி திறந்த நேரத்தில். சடங்கு வைத்தது வருடக் கடைசியில். மண்டபம் அப்போதுதான் கிடைத்ததாம். வாசலில் ஆள் உயரத்துக்குப் பிள்ளையின் படம், மேலே தங்க எழுத்தில் மஞ்சள் நீராட்டு விழா. அத்தை என்பதால் முதல் தண்ணீர் நான்தான் ஊற்ற வேண்டும். செம்பைத் தூக்கியதும் மேக்கப் போட்ட பெண் ஓடிவந்து தடுத்தாள். முகம் கலைந்துவிடுமாம், வெற்றிலையால் தொட்டுக் காலில் தெளித்தால் போதுமாம். நீராட்டு விழாவில் நனைந்தது கால் விரல்கள் மட்டும்.

அடுத்த சேலை கட்ட உள்ளே போனபோது பிள்ளை என் கையைப் பிடித்தாள். அன்றைக்கென்றே தூரமாகிவிட்டாள். தள்ளிப்போக ஒரு வாரமாக மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லை. வயிற்று வலியில் உதடு வெளுத்திருந்தது. ஆனால் அவள் பயந்தது அம்மாவுக்குத்தான். எனக்கு அதெல்லாம் நின்று வருடக்கணக்காகிறது. மேக்கப் பெண்ணிடம் பேட் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவள் அம்மாவைக் கூப்பிட்டேன்.

வந்தவள் முதலில் கதவைத் தாழிட்டாள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிறாதீங்க லா. கோயில்லருந்து சாமி மாலை வந்திருக்கு. தெரிஞ்சா மானம் போயிரும்."

"வாசல்ல படம் போட்டு எழுதி வச்சிருக்கீங்களேம்மா, அது எதுக்கு?" என்று கேட்டாள் பிள்ளை.

அம்மாக்காரி கொசுவத்தைச் சொருகி, வலிக்குது என்ற பிள்ளையை, சிரித்த முகமாக இரு என்று மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது. அவளுக்கு அதில் கூச்சமே இல்லை.

மாலையை எடுத்துவந்தது தம்பி மனைவியின் அக்காள், அந்த வீட்டிலேயே பெரிய பக்தை. பின்னால் ஐந்தாறு சுமங்கலிகள், ஆளுக்கொரு தட்டோடு. அவள் மாலையைத் தூக்கியபோது பிள்ளை கையை நீட்டித் தடுத்தாள். சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கிற குரலில்தான் கேட்டாள்.

"பெரியம்மா, எனக்கு இன்னிக்குப் பீரியட். நீங்க மாலை போடுவீங்களா?"

மாலை அப்படியே பின்வாங்கியது. பெரியம்மாவும் பின்வாங்கினாள். தட்டு ஏந்தியவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு விலகியதில் சந்தனம் கொட்டியது. மேடை நடுவில் பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவள் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்த பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இந்தப் பிள்ளைக்கு ரத்தம் வந்த சந்தோஷத்துக்குப் பட்டுக் கட்டி வந்த கூட்டம் இது.

நான் மேடையேறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கை ஜில்லென்றிருந்தது.

"அத்தை, ரொம்ப வலிக்குது. வீட்டுக்குப் போலாமா?"

போலாம் என்றேன். அவளை அணைத்துப் பிடித்துப் படியிறங்கினேன். வழியில் நின்றவர்கள் தாராளமாக இடம் விட்டார்கள். பின்னால் தம்பி மனைவி மைக்கை வாங்கி, பிள்ளைக்குக் கொஞ்சம் காய்ச்சல் என்றாள். ஐயோ பாவம் என்று எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.