அடித்த கையால் பிடித்த விரல்

பிள்ளைகளே, தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய இந்தக் கை ஒரு நல்லவரின் மூக்கை உடைத்திருக்கிறது.

உங்கள் அம்மா காய்ச்சலில் ரத்தம் குறைந்து வெளுத்துக் கிடந்தாள். மலேரியாவா டைபாய்டா என்று தெரியவில்லை. காலையில் ரத்தம் எடுத்த ஆஸ்பத்திரி டிரெசர், அதாவது டாக்டரின் உதவியாளர், அவள் குளிரில் உதறும்போது மறுபடியும் ஊசியோடு வந்தார்.

“மிச்ச ரத்தத்தையும் உறிஞ்ச வந்தியாடா?” என்று ஓங்கிக் குத்தினேன். அவருடைய வெள்ளைச் சட்டை சிவந்தது.

மூக்கைப் பொத்திக்கொண்டே அவர் சொன்னார்: “காலையில கிருமி தெரியலண்ணே. குளிர் ஏறும்போது எடுத்தாத்தான் தெரியும். ஒரு சொட்டு போதும், விரலைப் பிடிங்க. அப்புறம் அடிங்க லா.”

அடித்த கையாலேயே அம்மாவின் விரலைப் பிடித்துக் கொடுத்தேன். மலேரியா என்று தெரிந்தது, மருந்தில் பிழைத்தாள்.

அன்று மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்களை அடிக்க ஓங்கிய கையைப் பாதியில் இறக்கிக்கொள்கிறேனே, அது அதனால்தான்.