அக்கா கேட்ட மன்னிப்பு

எங்கள் அக்கா இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. இன்று திருத்தணியில் எங்கள் வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அக்காவின் நற்குணங்களை எழுதச் சொல்லித்தான் இந்தப் பக்கத்தை எனக்குக் கொடுத்தார்கள். எழுதுகிறேன். கூடவே இன்னொன்றும் சொல்லப்போகிறேன், பாதியில் மூடி வைத்துவிடாதீர்கள்.

அக்கா பிறந்தது மணவூரில். எங்கள் அப்பா, நாங்கள் நைனா என்போம், ரயில் பாதையில் கூலி வேலை பார்த்தவர். அவர் சீக்கிரமே போய்விட்டதால், அம்மாவோடு நடவுக்குப் போய்க்கொண்டே அக்கா பன்னிரண்டாம் வகுப்பை முடித்தார், என்னையும் படிக்க வைத்தார். கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்தபின் இங்குள்ள சமுதாய வானொலியில் சேர்ந்தார். சுடுகாட்டுக்குப் பாதை இல்லாத காலனி, குழாய் இருந்தும் தண்ணீர் வராத தெரு என்று, யாரும் காது கொடுக்காதவர்களிடம் போய் மைக்கை நீட்டினார். அதிகாரியிடம், "இன்னா சார், போன மாசமும் இதையேதானே சொன்னீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். ஊரே அதை ரசித்தது. பிறகு என்னையும் அங்கே ஒலித்தொகுப்பு வேலைக்குச் சேர்த்துவிட்டார்.

அக்காவிடம் ஒரு கண்டிப்பு உண்டு. பயந்து பேசுகிறவர்களின் குரலை அப்படியே ஒலிபரப்ப விடமாட்டார். அவர்கள் சொன்னதை எழுதி, வெளியூர்ப் பெண் ஒருவரைப் பேசவைத்து, அதைத்தான் போடுவார்.

அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டிய ஒரு பெண் அக்காவிடம் பேசினார். பெயரை இன்றும் எழுதமாட்டேன். தறிக்கூடத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் டீ, தனக்கு மட்டும் ஜன்னலில் கவிழ்த்து வைத்த தனி டம்ளர் என்றார். "பேரும் வேணாங்க்கா, என் குரலும் வேணாங்க்கா. ரெண்டு பொண்ணுங்கள வச்சினுகீறேன்" என்று கெஞ்சினார். "ஆங், என்ன நம்பு" என்றார் அக்கா.

அசல், மாற்றுக் குரல் இரண்டையும் ஒரே பென்டிரைவில் போட்டு என்னிடம் கொடுத்தார். மாற்றுக் குரல் பள்ளியில் பாடம் ஒப்பிப்பது போலிருந்தது. அசலில் அந்தப் பெண் டம்ளரைப் பற்றிச் சொல்லும்போது தொண்டை அடைத்து, நின்று, மறுபடி பேசுவார். கேட்டால் யாருக்கும் மனம் பதறும். பெயரையும் ஊரையும் வெட்டிவிட்டு அசலையே போட்டேன். நான்தான் போட்டேன். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய தெருவில், முகம் பார்க்காமலே குரலை வைத்து ஆளைச் சொல்லிவிடுவார்கள் என்பது என் மரமண்டையில் ஏறவில்லை.

மறுநாளே அவரைத் தறிக்கூடத்துக்குள் விடவில்லை. வாடகை வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். பிள்ளைகளோடு நகரி பக்கம் பஸ் ஏறிப் போய்விட்டார். சேதி தெரிந்ததும் அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"பைல் பேர மாத்தி வச்சிட்டேன் போலகீதுடா. பாவி நானே அவ பொழப்பக் கெடுத்துட்டேனே!"

'இல்லக்கா, நான்தான்' என்று சொல்ல வாயெடுத்தேன். வேலை போய்விடும் என்று பயம், அக்கா முகத்திலேயே முழிக்கமாட்டார் என்று அதைவிடப் பயம். சொல்லவில்லை.

விடுமுறை நாளெல்லாம் அக்கா நகரிக்குப் போய்த் தறிக்கூடம் தறிக்கூடமாக விசாரித்தார். "கெடச்சாங்களாக்கா?" என்று நானும் வெட்கமில்லாமல் கேட்பேன். ஒருநாள் திரும்பி வந்தவர், "போதும்டா" என்றார். பிறகு போகவே இல்லை. அதற்குப்பின் அசல் பதிவு எதையும் என்னிடம் தரவில்லை. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "சாப்டியாடா?" என்றுதான் என்னைக் கேட்டாரே தவிர, இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்தப் பெண் வந்திருந்தார். ஊரிலிருந்து யாரோ போனில் சொன்னார்களாம். படத்தைக் கும்பிட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"அக்கா என்னத் தேடிக் கண்டுபுடிச்சி வந்தாங்க தம்பி. வந்ததும் என் கால்ல வுழுந்துட்டாங்க. வயசுல பெரியவங்க, எனக்கு ஒடம்பே கூசிப்போச்சு. 'நான்தான் மாத்திக் குடுத்துட்டேன், என் தம்பி மேல ஒரு தப்பும் இல்லம்மா'ன்னாங்க. உங்களப் பத்தி நான் கேக்கவே இல்ல, அவங்களாவே சொன்னாங்க. மன்னிச்சிட்டேன்னு சொன்ன பெறகுதான் எழுந்தாங்க."

அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போது தெரிந்தது, எத்தனை நாள் தெரிந்துகொண்டே எனக்குச் சோறு போட்டார் என்று கேட்க இனி ஆளில்லை. இந்த ஓராண்டாக ஹெட்போனை மாட்டினாலே அந்தப் பெண்ணின் தொண்டை அடைப்புதான் கேட்கிறது. கழற்றி வைத்தாலும் கேட்கிறது. அன்றும் அவரிடம் உண்மையைச் சொல்லாமல் சாப்பாட்டுப் பந்திக்கு அனுப்பிவைத்தேன்.

கடைசிவரை அக்காவைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட அவர் கணவர், எங்கள் பாவாவுக்கும், ரத்தம் கொடுத்த வானொலி நண்பர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குத் தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இந்த மலரின் ஒரு பிரதியை நானே நகரிக்கு எடுத்துப்போய் அந்த அம்மாவிடம் கொடுப்பேன். அவர் மன்னித்தது எங்கள் அக்காவை. அக்கா ஒரு தப்பும் செய்யவில்லை அம்மா. என்னை நீங்கள் இன்னும் மன்னிக்கவில்லை.