ரிஜெக்ட் ஆன ஏழு வரிகள்

பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர்; துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களோடு ஆர்டர் பேசி முடிக்கிற வேலை. வயது நாற்பத்தெட்டு. வேலை போக மிச்ச நேரத்தில் பழைய யூதக் கவிதையில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்கிறேன். இதைக் கேள்விப்பட்ட சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "ஏனுங்க, கிறிஸ்தவ வேதத்துல சேந்துட்டீங்களா?" அடுத்தது, "இதுக்குச் சம்பளம் ஏத்துவாங்களா?" இரண்டுக்கும் இல்லை என்றதும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பாட்டு. எபிரேய வேதத்தில் இடம் கிடைக்காமல், கிரேக்க மொழியில் பிழைத்து, கத்தோலிக்கர்கள் இணைத் திருமுறை என்று போற்றும் நூல்களில் ஒன்றின் கடைசியில் வருகிறது. ஊரை முற்றுகையிட்ட படைத்தளபதியிடம் ஒரு விதவை நன்றாக உடுத்திக்கொண்டு போகிறாள். அவனை மயக்கி, தலையை வெட்டி எடுத்து வந்துவிடுகிறாள். அந்த வெற்றியின் பாட்டு. இந்த வகைக் கவிதையில் வரிகள் ஜோடியாக வரும். ஒரு வரி சொன்னதையே அடுத்த வரி வேறு வார்த்தையில் சொல்லும். பாட்டு மொத்தமும், ஒரு வரி தப்பாமல், ஜோடிதான் என்று நிரூபிப்பது என் அத்தியாயம். நான்கு வருடமாக நிரூபித்துக்கொண்டே இருந்தேன். கோயம்புத்தூரில் இருக்கும் என் நெறியாளர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். திங்கட்கிழமை இந்த அத்தியாயம் தேறாவிட்டால் ஆராய்ச்சிப் பதிவை இனி நீட்டிக்க முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் பெரிய மேஜை கிடையாது. முதலாளியிடம் கேட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போய், தாளில் இருந்த கிரேக்க வரிகளைத் துண்டு துண்டாக வெட்டி, தைத்த துணியைப் பிழை பார்க்கும் செக்கிங் டேபிள் மேல் ஜோடி ஜோடியாகப் பரப்பினேன். மொத்தம் நாற்பத்தெட்டு துண்டு. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் டேபிள் முழுக்க டி-சர்ட். அவசர ஷிப்மென்ட் என்று செக்கிங் பெண்களை ஓவர்டைமுக்கு வரச்சொல்லியிருந்தார்கள்.

"இங்க இருந்த பேப்பரெல்லாம் எங்கீங்க?" என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"பத்திரமா இருக்குதுங்க மேடம்," என்றார் சூப்பர்வைசர் அக்கா. "சைஸ் பிரிச்சுக் கட்டி வெச்சிருக்கோமுங்க."

உண்மைதான். சின்னது, நடுத்தரம், பெரியது என்று நீளப்படி மூன்று கட்டு. ஒரு துண்டுகூடக் கசங்கவில்லை. ஒவ்வொரு கட்டிலும் எண்ணிக்கை எழுதிய சீட்டு வேறு. யூதக் கவிதை எஸ், எம், எல் ஆகியிருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் இத்தனை சுத்தமாக வேலை செய்தவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

பக்கத்தில் நாலாவதாக ஒரு குட்டிக் கட்டு. சீட்டில் "ரிஜெக்ட் 7" என்று இருந்தது.

"இதுல என்னங்க கோளாறு?"

"இங்க் கறைங்க. பூரா செவப்பா இருக்குது. நல்ல பீஸோட சேத்தா மொத்தத்தையும் பையர் திருப்பி அனுப்பீருவாங்கல்லங்க."

அது கறை இல்லை, என் சிவப்புப் பேனா. துண்டின் ஓரத்திலும் பின்பக்கத்திலும் நான் எழுதிய குறிப்புகள். ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து அந்த ஏழையும் புரட்டினேன். நல்ல பீஸ் நாற்பத்தொன்றில் ஒரு சொட்டு மை இல்லை. அந்த வரிகளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. இந்த ஏழில் மட்டும் 'இங்கே ஒரு வரி தொலைந்திருக்கலாம்', 'இப்படியும் கொள்ளலாம்' என்று நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தேன். எங்கெல்லாம் ஜோடி கிடைக்கவில்லையோ, அங்கெல்லாம் மையைக் கொட்டியிருக்கிறேன். நான்கு வருடமாக என்னையே ஏமாற்றியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

டீ வந்ததும், "அது என்ன மேடம் பாட்டு?" என்று சுற்றி உட்கார்ந்தார்கள். கதையைச் சொன்னேன். அவள் துக்க உடையைக் களைந்து நல்ல துணி உடுத்துகிற இடத்தில், என்ன துணி என்று உடனே கேட்டார்கள். லினன் என்றதும் திருப்தி. பிறகு தளபதி சாகிற இடத்து மூன்று வரியைத் தமிழில் சொன்னேன். முதல் வரியில் அவள் செருப்பு அவன் பார்வையைப் பிடிக்கிறது. இரண்டாவதில் அழகு மனதைப் பிடிக்கிறது. மூன்றாவதில் வாள் கழுத்தில் இறங்கிவிடுகிறது.

"அய்யோ சாமி!" என்றாள் ஒரு பெண். டம்ளர்கள் அந்தரத்தில் நின்றன.

"அடுத்த வரி என்னவா இருக்கும்னு நினைக்கறீங்க?" என்றேன்.

"அடுத்ததென்னங்க?" என்றார் சூப்பர்வைசர் அக்கா. "அதான் அறுத்துப் போட்டாளே."

அந்த வாள் வரிக்கு ஒரு ஜோடி தொலைந்துபோனது என்று நான் எட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

அன்று சாயங்காலமே எட்டுப் பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். ஏழு வரிகள் தனியாகத்தான் நிற்கின்றன, கவிஞர் தெரிந்தே அப்படி நிறுத்தியிருக்கிறார் என்று புதிதாக நான்கு பக்கம் எழுதினேன். மறுநாள் நெறியாளர் அதைப் படித்துக்கொண்டிருந்தார். பதிவு போனால் போகட்டும், பொய்யோடு போக வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் வாள் வரியைக் கிரேக்கத்தில் ஒருமுறை வாய்விட்டு வாசித்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"இத்தனை வருஷமா இதுக்கு ஜோடி இருக்குன்னுதான சண்டை போட்டீங்க?"

"ஆமாங்க சார். இல்லாட்டி என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சுங்க."

அவர் பேனாவை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.