ரொட்டி மூடிய கிளாஸ்

கடியப்பட்டணத்தில் லீமா வைக்கும் பீட்ரூட் சூப்பைக் குடிக்க நாகர்கோவிலில் இருந்தும் தக்கலையில் இருந்தும் கார் பிடித்து ஆட்கள் வருகிறார்கள். சூப் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். போர்ஷ் என்று சொல்ல வேண்டும். மீன்குழம்புக்குப் பேர்போன ஊரில் இதென்ன கூத்து என்று கேட்கிறவர்கள் ஒருமுறை சாப்பிட்டுவிட்டுப் பேசட்டும். சதகுப்பைக் கீரையைக் கிள்ளிப் போட்டு, மேலே ஒரு கரண்டி கெட்டித் தயிர் விட்டு, கேப்பையும் கோதுமையும் கலந்து சுட்ட கறுப்பு ரொட்டியோடு வைப்பாள். நெய்மீனைப் பொதிந்து அவித்த ரஷ்யக் கொழுக்கட்டையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான் சாப்பாடு. முன்கூட்டியே போனில் சொல்லிவிட வேண்டும்.

மேசையின் தலைமாட்டில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். அதன் முன்னால் ஒரு தட்டு, ஒரு கிளாஸ் பிராந்தி, கிளாஸை மூடியபடி ஒரு துண்டு ரொட்டி. யாரும் அங்கே உட்காரக் கூடாது. அது அவள் கணவன் ஆன்ட்ரூசின் இடம்.

ஆன்ட்ரூஸ் ஓகிப் புயலில் போனவன். வள்ளமும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. கூடப் போனவர்களின் வீடுகளில் செத்தவர்களுக்கான பூசை வைத்து அழுது முடித்தார்கள். லீமா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வரப்போகிறவனுக்கு எதற்கு அழுகை? அவன் தங்கை ஜாஸ்மி கெஞ்சிப் பார்த்தாள்.

"மைனி, ஒரு பூசை வச்சிருவோம். அண்ணனுக்க ஆத்துமா அலையப்பிடாது."

"உயிரோட இருக்கவருக்கு என்னட்டி பூசை?"

அந்தத் தட்டு வைக்கும் வழக்கத்தை அவள் படித்தது கூடங்குளம் பக்கம் ரஷ்யர்கள் குடியிருப்பில். புயலுக்கு முந்தைய வருடங்களில் கலீனா என்கிற எஞ்சினியர் மனைவியிடம் அவள் சமையல் வேலை பார்த்தாள். இவளுக்கு ரஷ்யன் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. கையும் கண்ணுமாகவே இருவரும் பேசிக்கொண்டார்கள். விருந்து நாட்களில் கலீனா தன் மகனின் படத்தை மேசையில் வைப்பாள், கடற்படைத் தொப்பி போட்ட பையன். படத்துக்கு முன்னால் ஒரு தட்டு வைத்து, ஒரு கிளாஸில் ஓட்கா ஊற்றி ரொட்டியால் மூடுவாள்.

கடலில் இருப்பவனுக்குச் சோறு எடுத்து வைக்காத வீடு கடியப்பட்டணத்தில் கிடையாது. ஆகவே லீமாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. படத்துக்கு மாலை இல்லை, சீரியல் பல்பு இல்லை. பையன் எங்கேயோ கப்பலில் இருக்கிறான், தாய் காத்திருக்கிறாள். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

விருந்தாளிகள் போன பிறகு லீமா அந்த ரொட்டியை எடுத்துப் பார்ப்பாள். கிளாஸில் பிராந்தி குறைந்திருக்கும். ரொட்டியின் அடிப்பக்கம் ஊறிப்போய், நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். சில நாள் நாற்காலியும் ஈரமாக இருக்கும். ஜாஸ்மி பயந்து அந்தப் பக்கமே போகமாட்டாள். லீமாவுக்கோ சந்தோஷம். எங்கிருந்தோ அவனுக்குச் சாப்பாடு போய்ச் சேர்கிறது என்று நினைத்தாள்.

போன மாதம் டாக்டர் ஜெரிஷ் வந்தார். ரஷ்யாவில் மருத்துவம் படித்துவிட்டு வந்த தக்கலைக்காரர். போர்ஷை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தவர் தலைமாட்டைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"யக்கா, அது ஆருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு. கடல்ல இருந்து வரும்போ பசிக்குமில்லா."

கலீனாவின் கதையை அவளே சொன்னாள். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்தப் படத்துக்க மூலையில கறுப்பு ரிப்பன் கெட்டியிருந்துதா?"

"ஆமா. அழகா இருக்கும்."

"அங்க செத்தவங்க படத்துக்கு மாலை போடமாட்டாங்க யக்கா, அந்த ரிப்பன்தான். கிளாஸ்ல ஊத்தி ரொட்டி வச்சி மூடுகதும் செத்தவங்களுக்குத்தான்."

லீமா எழுந்து தலைமாட்டுக்குப் போனாள். ஊரே சொல்லியும் ஒத்துக்கொள்ளாத ஒன்றை வாராவாரம் தன் கையாலேயே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த நினைப்பு அவளை உள்ளே போட்டு அறுத்தது. தட்டையும் கிளாஸையும் எடுத்து அலமாரியில் பூட்டினாள், நாற்காலியைத் தூக்கி உள்ளறையில் போட்டாள். இனி வைக்கமாட்டாள். வைக்காவிட்டால் அவன் உயிரோடுதான் இருக்கிறான்.

அடுத்த ஞாயிறு திருவட்டாறில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. இதற்கு முன் வந்திராதவர்கள், ஆன்ட்ரூசைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கைகழுவப் போன பிரீனா என்ற பெண் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"யக்கா, முன்வாசல்ல ஒரு அண்ணன் நிக்காரு. உடுப்பெல்லாம் நனஞ்சி ஒழுகுது. இன்னைக்கு எனக்குத் தட்டு வைக்கலியாண்ணு கேக்காரு."

ஜாஸ்மி ஓடிப்போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. காய்ந்து கிடந்த சிமென்ட் தரையில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு மட்டும் ஈரம் இருந்தது.

லீமா அடுக்களையிலேயே நின்றாள். உயிரோடு திரும்பியவன் என்றால் வாசலில் நிற்பானா? ஏட்டி என்று கத்திக்கொண்டு நேரே உள்ளே வந்து சட்டியைத் திறந்திருப்பான். தட்டுக்காக வெளியே காத்து நிற்கிறவன் செத்தவன்தான்.

அவள் அலமாரியைத் திறந்தாள். போர்ஷை ஊற்றினாள், பிராந்தியை ஊற்றி ரொட்டியால் மூடினாள். முன்வாசலுக்கு வந்து அந்த ஈரத்தின் பக்கத்தில் வைத்தாள்.

கடலுக்குக் கிளம்புகிறவனிடம் "போயிட்டு வாரும்" என்றுதான் அந்த ஊரில் எந்தப் பெண்ணும் சொல்வாள்.

"வயிறு நெறயத் தின்னும்," என்றாள் லீமா. "தின்னுட்டுப் போவும்."

பிறகு அங்கேயே உட்கார்ந்து, இத்தனை வருடமாக அழாததையெல்லாம் அழுதாள்.