குதிகால் களிம்பு தடவிய ரொட்டி

ஜாடியக்கா வீட்டுக்குப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அங்கே எதையும் கேட்காமல் வாயில் போடாதீர்கள், கேட்காமல் முகத்திலும் பூசாதீர்கள். ஜன்னலோரம் வரிசைகட்டி நிற்கும் பாட்டில்களில் ஒன்றில் முட்டைக்கோஸ் புளித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் இஞ்சிப் பானம் நுரை தள்ளிக்கொண்டிருக்கும். அதற்கு அடுத்தது தலை அலசுகிற ஆப்பிள் காடி. எல்லாமே பழைய ஜாம் பாட்டில்கள். எதிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்காது. கேட்டால், "மூக்கு பின்ன எதுக்கு இருக்கு?" என்பாள். மூடியைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும், உள்ளே இருப்பது என்ன, எப்போது போட்டது, இன்னும் எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று புட்டுப்புட்டு வைத்துவிடுவாள்.

வேலை பார்ப்பது தெருமுனைச் சலவைக்கடையில். துணியைக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போகிற மகராசர்கள் உண்டல்லவா? அந்தத் துணிகளைத் தூக்கிப் போடச் சொல்வார் முதலாளி. போட்டுவிடுவாளா அவள்? எவளோ ஒருத்தி மறந்துவிட்டுப் போன கல்யாண கவுன் இன்றைக்கு அவள் குளியலறையில் திரையாகத் தொங்குகிறது. கோட்டுகள் எல்லாம் தலையணை உறைகளாகிவிட்டன. பையைப் பிரிக்காமல் தைத்ததால், தலையணையிலேயே மூக்குக்கண்ணாடி வைத்துக்கொள்ள இடமும் கிடைத்தது. சோப்பு, உதட்டு மெழுகு, முடி எண்ணெய், ரொட்டி எல்லாம் ஒரே அடுப்படியில்தான் உருவாகும். தின்னத் தகாததைத் தோலில் தேய்க்கக் கூடாது என்பது அவள் கட்டளை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கட்டளைதான் பிறகு ஆளைக் கவிழ்க்கப் பார்த்தது.

அவளுக்கு வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. கணவர் காலமாகிப் பல வருஷமாகிறது. தங்கமான மனுஷர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எதை வைத்தாலும் செய்தித்தாளை விட்டுக் கண்ணெடுக்காமல் "நல்லா இருக்கு" என்பார். ஒரு நாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் சூப் வைத்துக் கொடுத்தாள். ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். அன்றைக்கு அடுப்படிக்குள் போய் அழுதாள் பாருங்கள், அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இன்னொரு முறை வாழ்க்கை அமைந்தால் பொய்யாகப் புகழ்கிற நாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

இன்னொரு முறை அமையும் என்று யார் கண்டார்கள்? அமைந்தது, லிஃப்டுக்குள்.

தோழி ஒருத்திக்குக் கொடுப்பதற்காக இஞ்சிப் பானத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் லிஃப்டில் இறங்கினாள். லிஃப்ட் நடுவழியில் நின்றது. பாட்டில் நிற்கவில்லை. புழுக்கம் தாங்காமல் மூடி பிய்த்துக்கொண்டு மேலே அடிக்க, தலையிலிருந்து கால்வரை நுரை. லிஃப்ட் மெக்கானிக் வந்து கதவை நெம்பித் திறந்தபோது, இஞ்சித் துண்டு ஒன்று மூக்கு நுனியில் ஒட்டிக்கொண்டிருக்க, அவள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மனுஷர் மிரண்டுபோனார்.

"மேடம், அடி ஏதும் படலையே?"

"அடியெல்லாம் இல்ல. மிச்சம் கொஞ்சம் இருக்கு, குடிக்கிறீங்களா?"

குடித்தார். "சுருக்குன்னு குத்துது. நல்லா கேஸ் ஏறியிருக்கு" என்றார். நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த லிஃப்டுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போனது. எண்ணெய் போட வருவார், கம்பி பார்க்க வருவார், பார்த்த கம்பியையே மறுபடி பார்க்க வருவார். வந்த கையோடு மேலே ஏறி ஒரு துண்டு ரொட்டி. "முதல் வாய் நீங்க" என்று தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டுத்தான் கடிப்பார். அவர் சொல்வதைக் கேட்க அவளுக்குக் காது போதவில்லை. "மேல மொறுமொறுன்னு இருக்கு, உள்ள சவசவன்னு இருக்கே. இன்னும் கொஞ்சம் வேகணும்." "இந்தத் தடவை பஞ்சு மாதிரி வந்திருக்கு." "கோஸ் நல்லா கடிபடுது." முகத்துக்கு நேரே குறை சொல்கிற ஆம்பளை. இதற்குப் போய் ஒருத்தி மயங்குவாளா என்று கேட்டால், மயங்கினாள், கால் தரையில் பாவவில்லை. சலவைக்கடையில் சட்டைப் பித்தானைத் தேய்த்தே உருக்கிவிட்டு முதலாளியிடம் பாட்டு வாங்கினாள். தாய்மாவுக்கு, அதுதான் ரொட்டியைப் புளிக்கவைக்கிற மாவுக்கு, தண்ணீருக்குப் பதில் ஷாம்பு ஊற்றப் பார்த்தாள். நல்ல வேளை, மூக்கு காப்பாற்றியது.

ஒரு நாள் அவர் ஓவன் கதவின் கீலை மாட்டிக்கொண்டிருந்தார். பல்லிடுக்கில் திருகாணி. அதை எடுக்காமலே, "நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?" என்றார்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஞாயித்துக்கிழமை வாங்க. பொண்ணும் வரா. அன்னிக்குச் சொல்றேன்" என்று மாவுக் கையோடு உள்ளே ஓடிவிட்டாள். சரி என்று சொல்லப்போகிறாள் என்பது அவளுக்கும் தெரியும், அடுப்புக்கும் தெரியும். சும்மா ஒரு கெத்துக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை ஒரு ரொட்டியையும், அதற்குத் தொட்டுக்கொள்ள எலுமிச்சை வெண்ணெய் ஒரு பாட்டிலும் கொடுத்து அனுப்பினாள். சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தவள் மூடியைத் திறந்து முகர மறந்தாள். வாழ்க்கையிலேயே முதல் தடவை.

ஞாயிறு காலை மகள் வந்து இறங்கினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பதால் குதிகாலெல்லாம் வெடிப்பு. அவளுக்கென்றே அம்மா ஒரு களிம்பு காய்ச்சி வைத்திருந்தாள். தேன்மெழுகு, தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெய், கொஞ்சம் தேன். மகள் இரண்டு காலிலும் வழித்துப் பூசிக்கொண்டு, மேஜைமேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, வரப்போகிறவரைப் பற்றி அம்மாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"லிஃப்ட் இப்பவாவது சரியாச்சா, இல்ல கல்யாணத்துக்கு அப்புறம்தானா?"

"வாயை மூடுடி."

"வெக்கத்தப் பாரு. அம்மா, என் கால்ல ஏன் எறும்பு ஏறுது?"

அக்கா குனிந்து பார்த்தாள். ஒன்றல்ல, ஒரு ஊர்வலமே வந்துகொண்டிருந்தது. விரலால் வழித்து முகர்ந்தாள். எலுமிச்சை. சர்க்கரை. வெண்ணெய்.

"அடிப்பாவி, நீ கால்ல பூசியிருக்கிறது ரொட்டிக்குத் தொட்டுக்கிறதுடி."

"அப்போ என் களிம்பு எங்க?" என்று கேட்ட மகள், அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டு நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எறும்பையும் தட்டிக்கொண்டு, அப்படி ஒரு சிரிப்பு.

அக்கா அவருக்குப் போன் போட்டாள். "நேத்து குடுத்தேனே, அத இன்னும் திறக்கலையே?"

"திறக்கலையா? பாதி காலி. காலையில ரொட்டில தடவிச் சாப்பிட்டேன். வழவழன்னு பிரமாதமா இருந்துச்சு."

அக்கா போனை வைத்தாள். குதிகால் களிம்பு பிரமாதமாம். அப்படியானால் ரொட்டி? கோஸ்? ஆரஞ்சுத் தோலும் கிராம்பும் போட்டு உயிரைக் கொடுத்துச் செய்த பன்? எல்லாமே வாய்க்கு வந்த புகழ்ச்சிதானா? செய்தித்தாள்தான் இல்லை, ஆள் அதே ஆள்தானா? மகளிடம் சொன்னபோது அவள் சிரிப்பும் நின்றுபோனது.

"கேட்டுடு அம்மா. நேராவே கேட்டுடு" என்றாள்.

மதியம் அவர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, படிய வாரிய தலை, கையில் பூ. அக்கா பூவை வாங்கவில்லை. உட்காரச் சொன்னாள். எலுமிச்சை வெண்ணெய் தடவிய ஒரு துண்டு, களிம்பு தடவிய ஒரு துண்டு, இரண்டையும் அவர் முன்னால் வைத்தாள். களிம்பு காய்ச்சிய பாத்திரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது எவ்வளவு வசதியாகப் போயிற்று.

"ரெண்டையும் சாப்பிட்டுப் பாத்து எது நல்லா இருக்குன்னு சொல்லுங்க."

அவர் சாப்பிடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க முதல்ல ஒரு வாய்" என்றார்.

"முடியாது. இன்னிக்கு நீங்கதான் சொல்லணும்."

ஒவ்வொன்றாகக் கடித்தார், மெதுவாக மென்றார். தட்டைத் தள்ளிவைத்தார்.

"எனக்கு வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாதுங்க. முன்னாடி ஒரு பெரிய காய்ச்சல் வந்துச்சு. அதோட போனது திரும்ப வரவே இல்ல. ஒண்ணு வழுக்குது, ஒண்ணு கொழகொழங்குது. அவ்வளவுதான் தெரியுது."

மகள்கூட எறும்பை மறந்துவிட்டாள்.

அக்காவுக்கு மண்டைக்குள் ஒவ்வொன்றாக ஓடியது. மொறுமொறு, சவசவ, பஞ்சு, கடிபடுது, குத்துது, வழவழ. ஒரு தடவையாவது இனிப்பு என்றோ உப்பு என்றோ மனுஷர் சொல்லியிருக்கிறாரா? இல்லையே. தெரிந்ததை மட்டும் சொல்லியிருக்கிறார். ஒரு வார்த்தை பொய்யில்லை. அழுகை வந்த வேகத்தில் கோபமும் வந்தது.

"என்கிட்ட சொல்றதுக்கென்ன? ஒரு கிராம்பு வாசனைக்காகக் கடை கடையா அலைஞ்சேன். அதெல்லாம் யாருக்குப் போட்டேன்?"

"சொன்னா, இவனுக்குப் போய் என்னத்தைக் குடுக்கிறதுன்னு விட்டுடுவீங்களோன்னு பயம்." அசடு வழிந்தார். "ஆனா ருசி தெரியாம ஒண்ணும் சாப்பிடல. நீங்க முதல்ல கடிப்பீங்க. உங்க முகத்தப் பாத்துக்கிட்டே இருப்பேன். கண்ண மூடினா இனிப்பு. மூக்கு சுருங்கினா புளிப்பு. உப்பு கூடிப்போனா ஒத்தப் புருவம் ஏறும். அந்த ஆரஞ்சு பன் அன்னிக்கு ஒரு நிமிஷம் நீங்க பேசவே இல்ல. அது ரொம்ப நல்ல பன்."

முதல் வாய் நீங்க, முதல் வாய் நீங்க என்று ஒவ்வொரு முறையும் தட்டை நகர்த்துவாரே, அதை மரியாதை என்றல்லவா அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள்? ஒருத்தர் அவள் முகத்தை இப்படி உட்கார்ந்து படித்திருக்கிறார். உப்பில்லாத சூப்பைக் குடித்தவர் ஒரு முறை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும், அவள் எவ்வளவோ சந்தோஷமாக இருந்திருப்பாள்.

"அப்போ இன்னிக்குக் காலையில?" என்றாள்.

"காலையில தனியாத்தானே சாப்பிட்டேன். பாக்கிறதுக்கு முகம் இல்லையே."

மகள் சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு அங்கிருந்தே, "வயித்துக்கு ஏதும் பண்ணலையே சார்?" என்றாள் நர்ஸ் குரலில்.

"சொன்னா வெக்கம். ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்னிக்குத்தான் வயிறு சரியா இருக்கு."

அவ்வளவுதான், வீடே சிரிப்பில் ஆடியது. அக்கா சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எலுமிச்சை வெண்ணெய் தடவிய துண்டை எடுத்து, அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பாருங்க. தப்பாச் சொன்னா எழுந்து போயிடுவேன்."

ஒரு வாய் கடித்தாள். அவர் மேஜைமேல் முழங்கையை ஊன்றி, ரிப்பேர் பார்க்கிற கவனத்தோடு அவள் முகத்தைப் பார்த்தார்.

"புளிப்பு."

அவள் மென்றாள்.

"உடனே இனிப்பு. அப்புறம், வெண்ணெய் இருக்கணும், கன்னம் தளருது." நெற்றியைச் சுருக்கினார். "இன்னும் ஒண்ணு இருக்கு. இது நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல. என்ன போட்டீங்க?"

அக்கா விழுங்கினாள். காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"அது ரொட்டில இல்ல" என்றாள். "அது நீங்க கேட்டதுக்குப் பதில்."